கறுப்புத் துணியில் வெள்ளைத் தீற்றல், சாயங்காலம் ஆனால் மக்கர்: டாப் லோடு மெஷினை மாற்றிவிடலாமா?

கோவைக்காரன் (இப்போது மேடவாக்கம்)

வணக்கம். மாற்றலாகி மேடவாக்கம் பக்கம் வாடகைக்கு வந்திருக்கிறோம். வந்த கையோடு 8 கிலோ டாப் லோடு வாஷிங் மெஷின் ஒன்று வாங்கினோம். முழு ஆட்டோமேட்டிக், 5 ஸ்டார், இன்வெர்ட்டர் மோட்டார் (வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் மோட்டார்), மேலே கண்ணாடி மூடி, ஹீட்டர் கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி, இந்தக் கம்பெனி என்று போய்விடும், என் துணி அப்படியே கிடக்கும்.

வீட்டில் நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள், அம்மா. துணி என் இலாகா. சமையல் நன்றாக வராதவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரச்சினை, மகளின் நேவி ப்ளூ யூனிஃபார்ம். காய்ந்து எடுத்தால் மடிப்புகளில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் தீற்றல். என் கறுப்பு பேன்ட்டிலும் அதே. வெள்ளைத் துணி வேறு விதமாகப் பழிவாங்குகிறது: அப்பாவின் நினைவாக அம்மா எடுத்து வைத்திருக்கும் வேட்டிகள் இரண்டு மூன்று சலவையிலேயே சாம்பல் பூத்துவிட்டன. கோவையில் சிறுவாணித் தண்ணீரில் கையால் கசக்கிய காலத்தில் அவை பளிச்சென்று இருந்தவை.

அடுத்தது நேரம். காலையில் போட்டால் ஒழுங்காக ஓடி முடிகிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து போட்டால் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பாதியில் பீப் பீப் என்று கத்தி, குழாய்ப் படம் மின்ன நின்றுவிடுகிறது. திரையில் 50 நிமிடம் என்று காட்டிய வேலை எப்போது முடியும் என்றே தெரியாது. சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார், அவர் வந்தது காலை நேரம், மெஷின் அழகாக ஓடியது. 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் இருப்பது மாடி வீடு. தலைக்கு மேலேயே மொட்டை மாடி, அதில் டேங்க். போர் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரும் கலக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

அம்மாவின் கட்சி வேறு. கல்லில் நாலு அடி அடித்தால்தான் அழுக்குப் போகும், இது துணியைச் சுற்றிச் சுற்றித் தலை சுற்ற வைக்கிறதே தவிர துவைக்கவில்லை என்பார். மெஷின் மேல் நம்பிக்கை இல்லாததால் துணியை முந்தின இரவே பக்கெட்டில் சோப்புத்தூள் போட்டு ஊற வைத்துவிடுகிறார். நான் அதைப் பிழிந்து மெஷினில் போடுகிறேன். அவருடைய சேலைகள் வெளியே வரும்போது கயிறு திரித்தது போல மற்ற துணிகளையும் கட்டி இழுத்துக்கொண்டு வருகின்றன.

கடைக்காரர் இதை எடுத்துக்கொண்டு ஃப்ரண்ட் லோடு தருகிறேன் என்கிறார். மேலே போட வேண்டிய பணம் அதிகம். மாற்றலாமா? அதற்கு முன், ஒரு டாப் லோடு மெஷின் நன்றாக வேலை செய்கிறதா இல்லையா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? யாராவது அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

ஃப்ரண்ட் லோடு பக்தன்

மாற்றிவிடுங்கள் சகோ. டாப் லோடில் துணி தண்ணீரில் மிதக்கும், ஃப்ரண்ட் லோடில் துணி மேலே போய்க் கீழே விழும். கிட்டத்தட்ட உங்கள் அம்மா சொல்லும் கல் அடிதான். தண்ணீரும் பாதிதான் எடுக்கும், ஸ்பின் 1200, 1400 சுற்று வரை போகும். டாப் லோடு 700 சுற்றைத் தாண்டுவதே பெரிய விஷயம். மழைக்காலத்தில் வித்தியாசம் தெரியும். எங்கள் வீட்டில் வாங்கியபின் கைவைத்துத் துவைத்ததே இல்லை.

திருச்சி பழைய மெக்கானிக்

பக்தன் தம்பி சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் கோவைக்காரர் எழுதியதில் மெஷினைக் குற்றம் சொல்ல இதுவரை ஒன்றுமே இல்லை. அதே வீட்டில், அதே குழாயில் ஃப்ரண்ட் லோடு வைத்தாலும் சாயங்காலம் பீப் அடிக்கத்தான் செய்யும். உப்புத் தண்ணீரில் அதன் ஹீட்டர் மேல் உப்பு படிந்துகொண்டே வரும். உங்கள் மெஷினில் ஹீட்டர் இல்லாதது, உங்கள் தண்ணீருக்கு ஒரு நல்ல விஷயம்.

நான் பல வருடம் சர்வீஸில் இருந்தவன். புது மெஷினுக்கு வரும் புகாரில் பெரும்பாலானது குழாயில் முடியும், இல்லையென்றால் சோப்பில் முடியும்.

சாயங்காலக் கதையை முதலில் பார்க்கலாம். மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. கரண்ட் வந்ததும் அந்த வால்வே முழுதாகத் திறந்துவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. கரண்ட் திறப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஓட்டையை மட்டும்தான். அந்த ஓட்டை திறந்ததும், குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமே ரப்பர் சவ்வைத் தள்ளித் தூக்கி வழிவிடும். அழுத்தம் இல்லையென்றால் சவ்வு சரியாகத் தூக்காது, தண்ணீர் ஒழுகும், ஓடாது. பெரும்பாலான மெஷின் புத்தகங்களில் குறைந்தது 0.3 பார் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 பார். அப்படியென்றால் 0.3 பாருக்கு, டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மெஷினின் வால்வு வரை 3 மீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

உங்களுடையது மேல் வீடு. கூரை 3 மீட்டர், வால்வு தரையிலிருந்து 1 மீட்டர் என்று வைத்தால் கூரை வரைக்குமே 2 மீட்டர்தான். மிச்சம் டேங்க் மேடையும் உள்ளே நிற்கும் தண்ணீரும் தர வேண்டும். காலையில் மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியிருக்கும், எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம் டேங்க் பாதிக்கு இறங்கியிருக்கும், அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் குழாய்களும் திறந்திருக்கும். சர்வீஸ்காரர் காலையில் வந்து கையெழுத்து வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

இதைச் சோதிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். மெஷின் ஹோஸைக் கழற்றிவிட்டு அதே குழாயில் 20 லிட்டர் பக்கெட் வையுங்கள். நிரம்ப எவ்வளவு நேரம் என்று காலையிலும் பாருங்கள், சாயங்காலமும் பாருங்கள். 8 நிமிடம் ஆனால், 45 லிட்டர் பிடிக்க 18 நிமிடம். துவைக்க ஒரு தடவை, அலச இரண்டு தடவை என்றால் தண்ணீர் பிடிக்கவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போய்விடும். திரையில் காட்டும் 50 நிமிடத்தில் இந்த நேரத்தையெல்லாம் சேர்த்துச் சொல்வதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டம் ஏறாவிட்டால் மெஷின் தானாகவே 'தண்ணீர் வரவில்லை' என்று நின்றுவிடும். எல்ஜி மெஷினாக இருந்தால் ஐ.இ. என்று காட்டும், சாம்சங்கில் 4சி. பெயர்தான் வேறு, சங்கதி ஒன்று.

ஹோஸைக் கழற்றியிருக்கும்போதே வால்வின் வாயில் ஒரு சின்ன வலை தெரியும், மூக்கு பிளையரால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். போர் தண்ணீர், அதிலும் லாரித் தண்ணீர் என்றால் மணலும் துருவும் அதில் அடைந்து சேறாக இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். குழாயும் பாருங்கள்: கால் திருப்பு திருப்பினாலே திறக்கும் புது மாடல் குழாய்கள் சிலவற்றின் உள் துவாரம் ரொம்பச் சிறிது. அதற்குப் பதில், உள்ளே துளை போட்ட பந்து திரும்பித் திறக்கும் பால் வால்வு (ball valve) குழாய் ஒன்று போட்டாலே வித்தியாசம் தெரியும். அப்படியும் தேறவில்லையென்றால் டேங்க் பக்கத்தில் சின்ன பூஸ்டர் பம்ப். அது வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு, ஃப்ரண்ட் லோடுக்காரர்களுக்குக் கிடைக்காத வழி. நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பக்கெட்டால் தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட விடுங்கள். டிரம்முக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாய் மேலே, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குப் போகிறது. தண்ணீர் ஏற ஏற அதனுள் இருக்கும் காற்று அழுந்துவதை வைத்துத்தான் மெஷின் மட்டத்தைத் தெரிந்துகொள்கிறது. தண்ணீர் வால்வு வழியாக வந்ததா, பக்கெட் வழியாக வந்ததா என்று அதற்குத் தெரியாது.

இப்போது ஊற வைக்கும் விஷயம். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அழுக்குக்கு ஊறுவது நல்லதுதான். ஆனால் இந்த மெஷின்கள் தண்ணீர் பிடிக்கும் முன்பு அடியில் துணியைப் புரட்டும் தட்டான பல்சேட்டரைச் சும்மா இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கும். மோட்டாருக்கு எவ்வளவு பாரம் தெரிகிறதோ அதை வைத்துத் துணி எவ்வளவு என்று கணக்குப் போடும். காய்ந்த துணிக்குச் செய்த கணக்கு அது. ஊறிய துணியைப் போட்டால் 4 கிலோவை 7 கிலோ என்று நினைத்து, தேவைக்கு மேல் தண்ணீர் கேட்கும். ஏற்கெனவே தண்ணீர் மெதுவாக வரும் வீட்டில் இது வேறு. பக்கெட் சோப்பு, அதற்கு மேல் நீங்கள் போடும் சோப்பு என்று நுரையும் இரண்டு மடங்கு. ஊற வைக்க வேண்டுமென்றால் மெஷினிலேயே சோக் என்று ஒரு வசதி இருக்கும், காய்ந்த துணியாகப் போட்டு அதை அமுக்குங்கள். இல்லை, பக்கெட்டில்தான் என்று அம்மா நின்றால் தண்ணீர் மட்டத்தை நீங்களே கையால் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளைத் தீற்றல் இரண்டு வகை. காய்ந்த தீற்றல் மேல் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் அது கரையாத சோப்புத்தூள். தண்ணீர் அழுத்தம் இல்லாததால் டிராயரில் இருக்கும் தூள் கட்டியாகத் துணி மடிப்பில் விழுந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. தேய்த்தும் போகவில்லை, ஆனால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் போகிறது என்றால் அது உப்பு. எலுமிச்சையைச் சாயம் போகாத பழைய துணியில் முதலில் பாருங்கள், யூனிஃபார்மில் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டில் எது என்று சொல்லுங்கள், மிச்சம் அப்புறம் எழுதுகிறேன்.

கோவைக்காரன்

அண்ணே, முதலில் நன்றி. சர்வீஸ்காரர் இதில் கால்வாசி சொல்லியிருந்தாலும் போதும்.

பக்கெட் வைத்துப் பார்த்தேன். காலையில் 5 நிமிடத்துக்குப் பக்கம், சாயங்காலம் கீழ்வீட்டில் புழங்கும் நேரத்தில் 9 நிமிடத்தைத் தொட்டது. வலையைக் கழற்றினேன். செம்மண் நிறத்தில் ஒரு படலம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் சுருள், குழாய் அறுத்தபோது விழுந்த துகள் போலிருக்கிறது. கழுவி மாட்டியதும் மெஷினுக்குள் தண்ணீர் விழும் சத்தமே மாறிவிட்டது.

தீற்றலில்தான் குழப்பம். யூனிஃபார்மில் ஈரத் துணிக்கே போய்விட்டது. என் பேன்ட்டில் தண்ணீருக்குப் போகவில்லை, எலுமிச்சைக்குப் போனது. அப்படியென்றால் இரண்டுமா?

மேடவாக்கம் பழையவள்

இரண்டும்தான் தம்பி. எங்கள் ஏரியா தண்ணீர் அப்படி. நான் இங்கே வந்தபோது ஏரிக்கரையில் எருமை மேய்ந்தது, இப்போது வீட்டுக்கு வீடு போர்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒரு தடவை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. குடிக்க நாங்கள் கேன் வாங்குகிறோம், துணி பாவம், அது இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. சிறுவாணியில் வெளுத்த வேட்டியை இங்கே கொண்டுவந்து மெஷினைத் திட்டினால் மெஷின் என்ன செய்யும்?

வேட்டி சாம்பல் பூப்பது அழுக்குப் போகாததால் மட்டும் இல்லை. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்பில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. அதில் உண்டாகும் பிசுக்கு அழுக்கோடு சேர்ந்து நூலிலேயே திரும்ப ஒட்டுகிறது. பார் சோப்பில் இது ரொம்ப மோசம். உங்கள் அம்மா பக்கெட்டில் பார் சோப்பும் தேய்ப்பார் என்று நினைக்கிறேன், காலர் அழுக்குக்கு எல்லா அம்மாக்களும் செய்வது. அதை அலசிவிட்டு மெஷினில் போடச் சொல்லுங்கள்.

நான் செய்வது இது. மெஷினுக்கென்று விற்கும் டாப் லோடு லிக்விட்தான் வாங்குகிறேன். தூள் வாங்கினால் ஒரு மக் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, தண்ணீர் கொஞ்சம் பிடித்தபின் நேராக டிரம்மில் ஊற்றுவேன், டிராயர் பக்கமே போவதில்லை. கடைசி அலசலுக்கு முன் நிறுத்தி, ஒரு சின்ன ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றுவேன். கறுப்புத் துணியில் தீற்றல் வருவது அதோடு நின்றது. ஆனால் ஒன்று: அதே நாளில் ப்ளீச் எதுவும் சேர்க்கக் கூடாது. எலுமிச்சை உப்பும் குளோரின் ப்ளீச்சும் சேர்ந்தால் நச்சுக் காற்று கிளம்பும். அதுவுமில்லாமல் வலையில் செம்மண் நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை வேட்டிக்குப் ப்ளீச் போடப் போட மஞ்சள்தான் ஏறும். பக்கெட்டில் தண்ணீரை ஒரு இரவு வைத்துப் பாருங்கள், அடியில் செம்படிவு நின்றால் ப்ளீச்சை மறந்துவிடுங்கள்.

வேட்டிக்கு நீலம் போடுவதையும் கஞ்சி போடுவதையும் மெஷினுக்குள் செய்யாதீர்கள். ஸ்பின் முடித்து எடுத்து பக்கெட்டில் முக்கி, கொடியில் போடுங்கள். கஞ்சி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் அப்புறம் வரும் நாற்றத்துக்கு உங்கள் அம்மா மெஷினைத் தெருவில் தள்ளச் சொல்வார்.

சேலைக்கு: எட்டாக மடித்து, பெரிய வலைப் பைக்குள் போட்டு ஜிப் இழுத்துவிடுங்கள். பை இல்லையென்றால் சேலைகளை மட்டும் தனியாக, தண்ணீர் மட்டம் அதிகம் வைத்து, மென்மையான சுற்றில் ஓட விடுங்கள். நைட்டி நாடா, பாவாடை நாடா எல்லாவற்றையும் முதலில் முடிந்துவிட வேண்டும், கயிறு திரிக்க ஆரம்பித்து வைப்பதே அவைதான். சுங்குடி போன்ற சாயம் போகும் சேலையை மெஷின் பக்கம் காட்டவே வேண்டாம்.

மெஷின் நல்லதா என்று கேட்டீர்களே. எனக்கு ஒரே பரீட்சைதான். கடைசி அலசல் தண்ணீர் வெளியே வரும்போது ஹோஸ் வாயில் ஒரு வெள்ளை மக் பிடிப்பேன். நுரை நின்றால் அலசல் போதவில்லை. கலங்கல் இருந்தால் துணி அதிகம். தெளிவாக வந்தால் மெஷின் தன் வேலையைச் செய்துவிட்டது, காலர் கறை போகாததெல்லாம் நம் கை சேர வேண்டிய இடம். நுரை நின்றால் சோப்பைக் குறையுங்கள், இன்னொரு ரின்ஸ் சேர்ப்பது அப்புறம். ரின்ஸ் சேர்த்தால் இந்த ஊரில் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது? இப்போதே ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் போகிறது. அந்தக் கடைசித் தண்ணீரை நான் பக்கெட்டில் பிடித்துப் பாத்ரூமுக்கு வைத்துக்கொள்கிறேன். சோப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் கல்வாழை வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு வளர்கிறது.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது: டிரம் ஆழம். கிலோ கூடக்கூட சில மாடல்களில் டிரம் ஆழமாகிறது. நான் ஐந்தடிகூட இல்லை. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை சாக்ஸை எடுக்க எனக்கு ஸ்டூல் வேண்டும். ஃப்ரண்ட் லோடு என்றால் குனிந்து முட்டி மடக்க வேண்டும், என் முட்டி அதற்கும் ஒத்துக்கொள்ளாது. உங்கள் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கையை விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

ஃப்ரண்ட் லோடு பக்தன்

அக்கா சொன்ன கடினத்தன்மைக்கு என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர். ஆனாலும் ஒரு கேள்வி: இன்வெர்ட்டர் மோட்டார், 5 ஸ்டார் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரே, அது கரண்ட் பில்லில் தெரியுமா?

திருச்சி பழைய மெக்கானிக்

பெரிதாகத் தெரியாது தம்பி. ஹீட்டர் இல்லாத டாப் லோடு ஒரு தடவை துவைக்கக் கால் யூனிட்கூட எடுக்காது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் வேறு. ஸ்டார் சீட்டில் கரண்டோடு, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்றும் போட்டிருப்பார்கள், சென்னைக்காரர்கள் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.

இன்வெர்ட்டரால் லாபம் சத்தத்தில். அதிலும் டிரம்மோடு நேரடியாகக் கோர்த்த டைரக்ட் டிரைவ் மோட்டார் என்றால் பெல்ட் கிடையாது, ராத்திரி போட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. இது புதுச் சரக்கும் இல்லை. நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் கம்பெனி 1991-லேயே டாப் லோடில் இதைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் 'மோட்டாருக்கு 10 வருட வாரன்டி' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த மோட்டார்கள் சீக்கிரம் போவதில்லை, போவது அதை ஓட்டும் போர்டு. வாரன்டி அட்டையைப் புரட்டிப் பாருங்கள், போர்டுக்குப் பெரும்பாலும் மொத்த மெஷினுக்குக் கொடுத்த இரண்டு வருடமோ என்னவோ அவ்வளவுதான். எலி கடித்த ஒயருக்கு எந்த வாரன்டியும் கிடையாது. பல டாப் லோடுகளுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும், எலி வலை தகடு தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்கிப் போடுங்கள். சென்னை எலிக்கு ஒயர் என்றால் உயிர்.

கோவைக்காரர் இன்னும் ஒன்று பாருங்கள். தண்ணீர் வெளியேறும் ஹோஸ் எப்படிக் கிடக்கிறது? நம் ஊர் டாப் லோடுகளில் நிறைய மாடலுக்கு வெளியேற்றும் பம்ப் கிடையாது. ஒரு சின்ன மோட்டார் அடைப்பானை இழுக்கும், தண்ணீர் தானாக இறங்கிப் போகும், அவ்வளவுதான். யுடிலிட்டி வாசலில் நாலு விரல் கட்டை இருந்து, ஹோஸ் அதன் மேல் ஏறி இறங்கினாலே அடியில் அழுக்குத் தண்ணீர் மிஞ்சும். அதே தண்ணீரில்தான் அடுத்த அலசல். வேட்டி மங்க இதுவும் காரணமாக இருக்கலாம்.

துணி அளவுக்கு: 8 கிலோ என்பது காய்ந்த பருத்தித் துணிக் கணக்கு. குளியலறை எடை மெஷினில் துணி மூட்டையோடு ஏறி நின்று பாருங்கள், அப்புறம் மூட்டை இல்லாமல். 5 கிலோவைத் தாண்டாமல் போட்டால் துணி புரள இடம் இருக்கும். டிரம்முக்குள் துணி மேலே வந்து கீழே போக வேண்டும். ஓடும்போது கண்ணாடி மூடி வழியாகப் பாருங்கள்: மேலே தெரியும் சிவப்புத் துண்டு ஐந்து நிமிடம் கழித்தும் மேலேயே இருந்தால் நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்று பொருள். பக்கவாட்டில் இருக்கும் பிசிறு வலையை ஒவ்வொரு தடவையும் கழுவுங்கள். அது நிரம்பாமல் துணியெல்லாம் பிசிறாக இருந்தால் தண்ணீர் மட்டம் அந்த வலைக்கு ஏறவே இல்லை.

கோவைக்காரன்

ஹோஸ் வாசல் கட்டை மேல்தான் போகிறது அண்ணே. எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ. கட்டையை உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார், அதனால் மெஷினை உயர்த்த இரும்பு ஸ்டாண்டு வாங்கினேன். சக்கரம் வைத்த ஸ்டாண்டு வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார், ஸ்பின்னில் நடக்க ஆரம்பிக்குமாம். நாலு காலையும் திருகி மட்டம் பார்த்து நிறுத்தினேன். உயர்த்தியதில் தண்ணீர் அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையுமே என்று பயந்தேன், வலையைக் கழுவியபின் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. துணியை இப்போது காலையில்தான் போடுகிறேன், மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியதும்.

லிக்விடுக்கு மாறியாயிற்று. எலுமிச்சை உப்பு நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. யூனிஃபார்ம் சுத்தம். பேன்ட் முக்கால்வாசி. வேட்டி பழைய வெள்ளைக்குத் திரும்பவில்லை, மேற்கொண்டு மங்கவும் இல்லை.

அக்கா, நீங்கள் சொன்ன மக் பரீட்சையை அம்மா முன்னாலேயே வைத்துப் பார்த்தேன். முதல் நாள் பழக்கப்படி ஊற வைத்த துணிக்கு மக்கில் நுரை அப்படியே நின்றது. மறுநாள் காய்ந்த துணியாகப் போட்டதற்குத் தெளிவாக வந்தது. அம்மா மக்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'அலசல் பரவாயில்லை' என்றார். துவையலைப் பற்றி இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. காலரும் பள்ளிக்கூட சாக்ஸும் இப்போதும் அவர் கையால் கசக்கித்தான் மெஷினுக்குப் போகின்றன, அதில் நான் தலையிடப் போவதில்லை.

கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் இருப்போம். மெஷினை அப்படியே விட்டுப் போகலாமா?

திருச்சி பழைய மெக்கானிக்

போகலாம். குழாயை இறுக மூடிவிட்டுப் போங்கள், நீங்கள் இல்லாதபோது ஹோஸ் கழன்றால் கீழ்வீட்டுக்காரர் போன் வரும். ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிசிறு வலையைக் கழுவிக் காயவைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் உள்ளே பூசணம் பிடிக்கும். ஹோஸ் வாய் வழியாகக் கரப்பான் ஏறும், அதன் வாயில் ஒரு பழைய துணியைச் சுருட்டி அடையுங்கள். திரும்பி வந்ததும் அதை எடுத்துவிட்டு, துணி போடாமல் ஒரு ரின்ஸ், அப்புறம் ஊர் அழுக்கு மூட்டையைப் பிரியுங்கள்.

மேடவாக்கம் பழையவள்

ஊரிலிருந்து வரும்போது ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வாருங்கள் தம்பி, வேட்டிக்கு இல்லை, எனக்குக் காபி போட.